மலையில் விசிறி எதற்கு என்று நினைத்தேன்

நான் நோர்வூட்டுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். இந்தக் குளிரில் காலையில் எஞ்சின் சூடாக வெகுநேரம் பிடித்ததால், ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் விசிறியைக் கழற்றிவிட்டேன். "மேட்டுல மெதுவா ஏறுறப்ப காத்து பத்தாதுங்க மாஸ்டர்" என்று கராஜ்காரர் காசிம் நானா தடுத்தார். நான் கேட்கவில்லை.

சென்ற மாதம் என் தங்கை மேரி குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடப் புறப்பட்டாள். தலவாக்கலையில் ரயிலேறும் அவளை, அந்த ரயில் வழியில் நிற்கும் ஹட்டன் நிலையத்தில் பார்த்து வழியனுப்ப, அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஏற்றத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்றின் பின்னால் ஊர்ந்தோம். பாதிவழியில் ரேடியேட்டர் கொதித்து, ஆவி கிளம்பி, கார் நின்றுவிட்டது. எஞ்சின் ஆறும்வரை தண்ணீர் ஊற்றவும் முடியவில்லை. காத்திருந்தபோது தூரத்தில் ரயில் கூவியது.

"அது வேற ரயிலா இருக்கும், இல்லப்பா?" என்றார் அம்மா.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடை வெறிச்சோடிக் கிடந்தது. "ஒரு அம்மா கதவுல நின்னு, ரயில் வளையுற வரைக்கும் பாத்துக்கிட்டே போனாங்க" என்றார் போர்ட்டர்.

"கார் பழசு, நீ என்னப்பா செய்வ?" என்று அம்மா என்னைத் தேற்றினார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாளே விசிறியை மாட்டினேன். இப்போதெல்லாம் பானெட்டைத் திறந்து அதைப் பார்க்காமல் நான் காரை எடுப்பதில்லை. தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகைக்கு எழுதும் இந்தக் கடிதத்தை அனுப்புமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தங்கச்சிக்கு எழுதுறப்ப இத எழுதிடாதப்பா. அங்க உக்காந்து அழுதுகிட்டு இருப்பா" என்றார்.