குத்திப் பார்த்த மண்

என் கட்டில் ஓரமாக ஒரு கடப்பாரை சாய்ந்து நிற்கிறது. ஈப்போ நகரத்தில் இரண்டு மாடி பங்களா, தரையெல்லாம் பளிங்கு, அதன்மேல் துருப்பிடித்த கடப்பாரை. திருடனை அடிக்க வைத்திருக்கிறேன் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன்.

ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பால்மரம் வெட்டிய கையாலேயே எழுபதுகளில் சொந்த லாரி வாங்கி, செமோர் பக்கம், ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட பழைய குட்டைகளில் மணல் ஏற்றினேன். அந்தக் காலத்தில் என் லாரி போகாத குட்டை கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதுதான். ஏட்டில் இருப்பதை நான் நம்பியதில்லை. சர்க்கரை இனிக்கிறது என்று நாக்கு சொல்லணும், பாதை தாங்குகிறது என்று டயர் சொல்லணும். தத்துவம் படித்த என் மகள் ஒருநாள், "அறிவெல்லாம் கண்ணு, காது, கை வழியாத்தான் வருதுன்னு சொல்ற கட்சிக்கு அனுபவவாதம்னு பேருப்பா. நீங்க அந்தக் கட்சி" என்றாள். பேர் தெரியாமலே அதில் நான் தலைவனாக இருந்திருக்கிறேன்.

மச்சானும் அதே கட்சிதான், என்னைவிட மோசம். தினமும் லாரிக்கு முன்னால் கடப்பாரையோடு நடப்பார். குத்துவார், காதைச் சாய்ப்பார், அப்புறம்தான் வரச்சொல்லிக் கையசைப்பார். "டாக்டரு மண்ணுக்கு ஊசி போடுறாருலா, சத்தம் போடாதீங்க" என்று மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். "நேத்து பூரா இதே வழியிலதானே போனோம் மச்சான்" என்பேன். "நேத்து தாங்குனது நேத்து. இன்னிக்கு இன்னும் கேக்கலயே" என்பார்.

மழை விட்ட ஒரு காலையில் அப்படித்தான் குத்தினார், கேட்டார். "வா மச்சான், கல்லு மாதிரி இருக்கு" என்று கையசைத்தார். நான் மெல்ல உருட்டினேன். குத்திப் பார்த்த அதே இடத்தில் நின்றிருந்தவர், சத்தமே இல்லாமல் இடுப்புவரை உள்ளே போனார். மேலே இருந்தது கெட்டித் தோல், கீழே வெறும் சேறு. கடப்பாரையைக் குறுக்கே போட்டு அதைப் பிடித்துத் தொங்கினார். பிரேக்கை மிதித்தேன். கயிறு என் இருக்கைக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் இறங்கணும். கதவைத் திறந்து கீழே பார்த்தேன். நேற்றுப் பார்த்த அதே செம்மண், அதே நிறம். இத்தனை வருடம் ஓட்டிக் கற்ற எதுவும் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. லாரியே நிற்கிறது, உன்னைத் தாங்காதா என்று மூளை கணக்குப் போட்டது, கால் கேட்கவில்லை. தாங்குமா என்று தெரிய மிதிக்கணும், மிதிக்கத் தாங்கும் என்று தெரியணும். மச்சான் மார்புவரை போய்விட்டார். கண் என்மேல்தான் இருந்தது.

இறங்கினேன். வேறு எவனாவது இறங்கியிருப்பானா, சொல்லுங்கள். கயிற்றின் ஒரு முனையை லாரியின் முன்கொக்கியில் கட்டி, மறுமுனையை வீசினேன். அவர் அக்குளுக்கடியில் சுற்றிக்கொண்டதும், வந்த டயர்த் தடத்திலேயே பின்னால் எடுத்தேன். சேற்றுப் பொம்மையாக வெளியே வந்தார். கடப்பாரையை விடவில்லை.

 மறுநாள் அவர் கடப்பாரையைத் தூக்கியதும் கோபம் வந்தது. "அதான் மண்ணு பொய் சொல்லிருச்சே மச்சான், இன்னும் எதுக்கு?"

"பொய் சொல்லல மச்சான். நான் கேட்டப்ப தாங்குச்சு. அதுக்குமேல அதுக்கு என்னா தெரியும்?" கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பினார். "இத விட்டா வேற யாருகிட்ட போயிக் கேக்கச் சொல்ற?"

எண்பதுகளின் கடைசியில் காய்ச்சலில் படுத்தார், எழவில்லை. அதன்பிறகு எத்தனையோ லாரி வாங்கினேன், வீடு கட்டினேன். பயம் மட்டும் போகவில்லை. தினமும் விழித்ததும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையையே பார்ப்பேன். பிறகு கடப்பாரையை எடுத்து ஒரு தட்டு. "பளிங்கு ஒடயப் போவுது" என்று அவர் தங்கை போர்வைக்குள்ளிருந்து முனகுவாள். ஏன் தட்டுகிறேன் என்று அவள் இதுவரை கேட்டதில்லை.

இன்று காலையும் தட்டினேன். டங் என்றது. அந்த நேரத்துக்கு மட்டுமே அது சொன்ன பதில். காலை ஊன்றினேன்.