வாசல் தாண்டிய உறை

வெலிகாவை அந்தப் பல்கேரிய மலை ஊரில் வாயில்லாப் பூச்சி என்பார்கள். மருமகளாக வந்த பதினோரு வருஷத்தில், மாமியார் ஸ்டொய்னாவை அவள் எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் தயிருக்கு உறை ஊற்றுவது அவள் வேலை. காய்ச்சிய செம்மறிப் பாலில் சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணுவாள். விரல் சூடு பொறுத்தால்தான் உறை விழும்.

அன்று புனித ஜார்ஜ் நாள், மேய்ப்பர்களின் பண்டிகை. பால், தயிர், உறை எதுவும் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. போனால் மந்தையின் பாலும் கூடவே போய்விடும் என்று ஊரே நம்பியது.

பக்கத்து வீட்டுக் காலுட்கா காலிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். அவள் புருஷன் ரூசிக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் மருந்து. சளி கரைந்தது. வயிறு கெட்டது.

"கஞ்சிகூட நிக்கலக்கா. டாக்டர் தயிர் குடுத்துப் பாருங்கன்னார். கடைத் தயிரை இவர் மாவுக்கூழ்னு துப்பிட்டார். நான் ஆஸ்பத்திரியில துணைக்கு இருந்தப்ப எங்க உறை கெட்டுப்போச்சு. எட்டு வீடு ஏறிட்டேன், எல்லாரும் நாளைக்கு வான்னு சொல்றாங்க."

"நானும் அதான் சொல்றேன்," என்றாள் ஸ்டொய்னா. "ஒரு நாள்ல அவன் குறைஞ்சுட மாட்டான்."

"ஏற்கெனவே பாதியாத்தான் இருக்கார், பெரியம்மா."

வெலிகா கிண்ணத்தை வாங்கி இரண்டு கரண்டி உறை போட்டாள்.

"வாசலைத் தாண்டினா நீயும் அதோட போயிடு."

"சரிங்க அத்தை," என்று வெலிகா தாண்டினாள்.

காலுட்காவின் வீட்டில் வெலிகா பாலைக் காய்ச்சி, விரல் விட்டு எண்ணி, உறை ஊற்றி, பானையைக் கம்பளியில் சுற்றினாள். அசைக்கக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மத்தியானம் தயிர் கட்டியாக நின்றது. ரூசி ஆறு கரண்டி சாப்பிட்டார். இரண்டு பெண்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னை என்ன, ஈனப்போற ஆடு மாதிரி பாக்கறீங்க?"

ஒரு மணி நேரம் போனது. வயிறு அடங்கியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சாயங்காலம் ஸ்டொய்னா வந்தாள். கோபத்தில் விரல் வைத்துப் பார்க்காமல், கொதிக்கிற பாலில் மிச்ச உறை முழுவதையும் வழித்துப் போட்டிருக்கிறாள். பால் திரிந்துபோனது. விருந்துக்கு ஆட்கள் வரும் நேரம்.

"அந்தத் தயிர்ல ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டு வா. ஏப்ரனுக்குள்ள வெச்சு, பின்பக்கமா. ஊர் கண்ணுல படக்கூடாது."

வெலிகா காலுட்காவைப் பார்த்தாள். அவள் பானையையே வெலிகா பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"மறைச்சு எடுத்துட்டு வரமாட்டேங்க அத்தை. தெருவழியாத்தான் வருவேன்."

"வாய் முளைச்சிருச்சா?"

"முளைச்சிருச்சுங்க."

ஒரு கிண்ணம் தயிரை எடுத்து இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, ஊர் பார்க்க நடுத்தெருவில் நடந்தாள். ஸ்டொய்னா பின்னால் வந்தாள். வாசலில் வெலிகா நின்று, மாமியார் முன்னால் போய்க் கதவைத் திறக்கும்வரை காத்திருந்தாள்.