அவுக மேல இருக்காக

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த கையோடு பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தேன். வீட்டில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? நான் தேனிக்குப் போகப்போகிறேன் என்பது என் கணவருக்கு அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போதுதான் தெரிந்தது. "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார், பாவம்.

அது 2003, ஆனி மாதம். அமெரிக்காவிலிருந்து ஹன்னா என்றொரு பெண் வருகிறாள், கூடவே இருந்து மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த பேராசிரியை ஒருவர் கேட்டிருந்தார். ஹன்னாவுக்கு இருபது வயது. இளங்கலை மூன்றாம் வருடம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுத வந்தாள். விமான டிக்கெட், லாட்ஜ் வாடகை, என் சம்பளம் எல்லாவற்றுக்கும் அவள் கல்லூரியே பணம் கொடுத்து எட்டு வாரத்துக்கு அனுப்பியிருந்தது. இப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்பதைத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. தேனியில் எங்களுக்கு வாய்த்த ஜீப் டிரைவர் செல்வமும் நம்பவில்லை.

"காலேஜுக்கு நாமதேன துட்டு கட்டணும்? இந்தப் பிள்ளைக்கு அவுக கட்டுறாகளா? அந்த அட்ரசை எழுதிக் குடுங்கக்கா, எம் மகளும் பி.ஏ.தேன்" என்றார்.

தேனியில் அந்த மாதங்களில் காற்று ஓய்வதே இல்லை. மேற்கு மலையைத் தாண்டி வரும் காற்று லாட்ஜ் ஜன்னலை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். கம்பத்துக்கு நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காமயகவுண்டன்பட்டி. வழியெல்லாம் திராட்சைப் பந்தல்கள். பந்தலுக்குக் கீழே பச்சை வெளிச்சம். பஸ் மெதுவாகப் போகும்போது அந்த வெளிச்சத்துக்குள் ஆட்கள் நடப்பதைப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருக்கும். நான் பாதி நாள் தூக்கத்திலேயே பயணம் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் ஜீப்புகள் மலையிலிருந்து திரும்பும். ஒரு ஜீப்பிலிருந்து எத்தனை பெண்கள் இறங்குவார்கள் என்று எண்ணிப்பார்க்க ஹன்னா பலமுறை முயன்று தோற்றாள். எல்லோரும் சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மாட்டியிருப்பார்கள், தலையில் துண்டு. அட்டைப்பூச்சிக்கும் குளிருக்கும் அதுதான் காவல். கிட்டே வந்தால் ஏலக்காய் வாசனை.

அவர்களிடம் ஹன்னா கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: மலைக்குப் போ, போகாதே என்று முடிவு செய்வது யார்?

பேச்சியம்மாள் என்ற பெண்ணிடமிருந்துதான் பதில் தெளிவாக வந்தது. நாற்பதைத் தாண்டிய வயது, ஊதா நிறக் கட்டம் போட்ட சட்டை, யாருக்கும் அடங்காத குரல். "அவுக போன்னாகன்னா போவேன். வேணாம்னாகன்னா வீட்டுல இருந்துக்கிருவேன். அம்புட்டுத்தேன்." பக்கத்தில் நின்ற பெண்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். புருஷன் பேச்சை எடுத்தால் சிரிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதானே என்று நினைத்துக்கொண்டேன். "அவுக" என்பதை ஆங்கிலத்தில் "என் கணவர்" என்று ஹன்னாவுக்குச் சொன்னேன்.

ஒருநாள் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜீப்புக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்தார். "ஏத்தா பேச்சி, நாளைக்கு வேற தோட்டத்துக்கு ஆள் பத்தல. கொஞ்சம் தூரம்தேன். வந்துரு" என்றார்.

"அவுக வேணாம்னுட்டாக" என்றாள் பேச்சியம்மாள். கங்காணி வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார்.

ஹன்னா அன்று மிகுந்த சந்தோஷமாக இருந்தாள். அவள் ஆய்வேட்டின் நடு அத்தியாயமே பேச்சியம்மாளின் குடும்பம்தான் என்றாள். ஆனால் தேனி பிரவுசிங் சென்டரில் அவளுடைய பேராசிரியரின் பதில் காத்திருந்தது. முடிவெடுப்பது கணவன் என்றால் அந்தக் கணவனின் வாயால் கேட்காமல் அத்தியாயம் நிற்காது. விமானத்துக்கு இன்னும் ஒரு வாரம். மற்ற வீட்டு ஆண்கள் எங்களைக் கண்டாலே டீக்கடைக்குள் நழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கம்ப்யூட்டர் முன்னாலேயே அழுதாள்.

மறுநாள் பேச்சியம்மாளிடம் கேட்டேன்: "அவர் எங்கே இருக்கிறார்? பார்க்க முடியுமா?"

அவள் கிழக்கே மலையைப் பார்த்து முகவாயை உயர்த்தினாள். "அவுக மேல இருக்காக. மேகமலையில, நாங்க குடியிருந்த எஸ்டேட்டு லயத்துக்குப் பக்கத்துல." பிறகு கொஞ்சம் யோசித்து, "வண்டி வச்சுப் போறீகளா? நானும் வாரேன். நானில்லாம உங்ககிட்ட அவுக பேசமாட்டாக" என்றாள்.

செல்வம் ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டு, மேகமலை ரோட்டைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பி, ஆயிரத்துக்கு இறங்கினார். விடியும்போது தேனியை விட்டோம். பழனிசெட்டிபட்டியில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாள் எங்களுக்கு முன்பே வந்து நின்றாள். சலவைச் சேலை, தலையில் பூ இல்லை. கையில் மஞ்சள் பை. அதற்குள் அந்த ஊதாக் கட்டச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். ஒரு பொட்டலம் காராச்சேவும் ஒரு கட்டு பீடியும் வாங்கிக்கொண்டாள். "அவுகளுக்கு" என்றாள்.

அங்கிருந்து மேகமலை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ரோடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, கற்களும் பள்ளங்களும்தான். வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு கீழே சுருங்கிக்கொண்டே போனது. வயல்களும் தென்னந்தோப்புகளும் வெயிலில் கிடக்க, நாங்கள் மட்டும் மேகத்துக்குள் நுழைந்தோம். அதற்குப் பிறகு முன்னால் பத்தடிதான் தெரிந்தது. செல்வம் டேப்பில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார். எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஹன்னா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஒரு குலுக்கலில் பேச்சியம்மாளின் முந்தானை நழுவியது. சட்டை இல்லாமல் அன்றுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன். வெறும் கழுத்து. அடகுக்குப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேயிலை தொடங்கியதும் அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். லயத்து வீடுகள் வரிசையாகப் பனிக்குள் நின்றன. அவள் இறங்கி, யாரிடமும் எதுவும் கேட்காமல் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். பாதை ஒரு பெரிய மரத்தடியில் முடிந்தது. புல், அதில் ஆங்காங்கே குத்துக்கற்கள்.

ஒரு கல்லுக்கு முன்னால் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சட்டையை எடுத்துக் கல்லின்மேல் போர்த்தினாள். பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். "இந்தா, வந்துட்டேன். கூட ரெண்டு பேரு உங்களைப் பாக்கணும்னு வந்துருக்காக."

ஹன்னாவுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது.

"நீங்க கேக்கலையே தாயி. எங்கன இருக்காகன்னு கேட்டீக. மேல இருக்காகன்னேன். பொய்யா சொன்னேன்?"

பொய் இல்லை. செத்துப்போனவரையும் உயிரோடு இருப்பவரையும் ஒரே மரியாதையோடு சொல்கிற அந்த "அவுக"வை நான்தான் அவசரமாகக் கணவன் என்று மொழிபெயர்த்து, அவருக்கு உயிரும் கொடுத்திருந்தேன்.

மேகம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஹன்னா மெதுவாக, "அவரிடம் என் கேள்வியைக் கேட்க முடியுமா?" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்: "நீங்கள் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார் என்று அவரிடம் கேட்கிறாள்."

பேச்சியம்மாள் கல்லின் பக்கம் காதைச் சாய்த்தாள். விளையாட்டா, நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவுகளுக்குச் சிரிப்பு வருதாம். உசுரோட இருந்தப்பயே ஒருநாளும் எம் பேச்சை அவுக தட்டுனதில்லையாம். இப்பத்தேன் தட்டப்போறாகளாக்கும்?"

"அப்புறம் எதுக்கு எல்லாரிடமும் அவுக சொன்னாக, அவுக சொன்னாக என்கிறீர்கள்?"

"நான் வேணாம்னா கங்காணி நாலு வார்த்தை பேசுவாரு. கொழுந்தன் எட்டு வார்த்தை பேசுவாரு. அவுக வேணாம்னாகன்னா? செத்தவுக பேச்சை எதுத்து எவரு பேசுவாரு?" சட்டையின் காலரை நீவிவிட்டாள். "இருந்தாலும் நெசமாவும் கேப்பேன். ராத்திரி படுக்கையில கேட்டுட்டுத்தேன் கண்ண மூடுவேன். அவுகளைக் கேக்காம எனக்குப் பழக்கமில்ல."

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஹன்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் இறங்கினோம். சட்டை மறுபடி பேச்சியம்மாள் மேல் ஏறியிருந்தது. மறுநாள் வேலைக்கு வேண்டுமே. பள்ளத்தாக்கு வெயிலோடு மேலேறி வந்தது. ஹன்னா நோட்டை எடுத்துப் பல பக்கங்களைக் குறுக்கே அடித்தாள். பிறகு சொன்னாள்: எழுதிய அத்தியாயம் போயே போய்விட்டது. ஆனால் இத்தனை வாரம் எத்தனை பெண்கள் "அவுக" என்றார்கள், அவர்களிடமெல்லாம் முதலிலிருந்து கேட்க வேண்டும். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டால், கல்லூரி கொடுத்ததில் மிச்சமிருப்பது இன்னும் இரண்டு வாரத்துக்குக் காணும். "நீங்கள் கூட இருப்பீர்களா?"

தாம்பரத்து வீடு நினைவுக்கு வந்தது. சாயங்காலக் காபி, பேப்பருக்குப் பின்னால் என் கணவர். அங்கே காற்றும் இல்லை, மேகமும் இல்லை. லாட்ஜில் தோய்க்க வேண்டிய துணிகளை மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது.

ஹன்னாவுக்குப் புரியவில்லை. பின்சீட்டிலிருந்து பேச்சியம்மாள் என் தோளைத் தட்டினாள்.

"கேளுங்க தாயி, கேளுங்க. இருங்கன்னுதேன் சொல்லுவாக."