பதினைந்து வயதில் முதலாம் ஆண்டு

அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின், ஜார்ஜ்டவுனில் அகதிப் பிள்ளைகளுக்கான கற்றல் மையம் ஒன்றில் சேர்ந்தேன். கடைவீட்டு மாடியில் இரண்டே அறைகள். அரசுப் பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. இதை விட்டால் படிப்பே இல்லை.

சமீரா ரொஹிங்யாப் பெண், வயது பதினைந்து. ஊர் விட்டு ஊர் ஓடியே வளர்ந்ததில் எழுத்து தெரியாது. எழுத்து தெரியாதவர் முதலாம் ஆண்டில்தான் உட்கார வேண்டும் என்பது மையத்தின் வழக்கம். ஏழு வயதுப் பொடிசுகளுக்கு நடுவே அவளை உட்கார வைத்தார்கள். மூக்கைத் துடைத்துவிட்டாள், சண்டையை விலக்கிவிட்டாள், வாய் திறந்து ஒரு சொல் படிக்கவில்லை. மூன்றாவது வாரம் வரவே இல்லை.

அவர்கள் பிளாட்டுக்குப் போனேன். அம்மாவும் மகளும் கூலிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேச்செல்லாம் மலாய் மொழியில்தான்.

“ஏம்மா வரல?”

“அந்தப் பிள்ளைங்க என்னை அக்கான்னு கூப்பிடுதுங்க டீச்சர். அக்கா எப்படி அதுங்க முன்னால தப்புத் தப்பா படிக்கிறது?”

எனக்குச் சுருக்கென்றது. நேரே மையத்துக்குத் திரும்பினேன். பொறுப்பாளர் முரளி, என் மகன் வயது, கணினி முன்னால் இருந்தார்.

“பெரிய பிள்ளைங்களுக்குத் தனி கிளாஸ் வேணும் தம்பி.”

“ரூம் எங்க டீச்சர்? ரெண்டும் புல்லா இருக்குலா.”

“சமையக்கட்டு இருக்குல்ல?”

“அங்க சூடு தாங்காது டீச்சர்.”

“நீயா உட்காரப் போற? நான்தானே!”

சிரித்துக்கொண்டே சாவியைத் தந்தார்.

சமையற்கட்டுக்குள் பொடிசுகளுக்கு அனுமதி இல்லை. முதலாம் ஆண்டுப் பாடநூலுக்கும் இல்லை. பூனை, பந்து என்று படிக்க வேண்டும் என்று சமீரா போன்ற பெரிய பிள்ளைகளுக்கு என்ன தலையெழுத்தா? பஸ் பலகை, கிளினிக் அட்டை, மருந்துப் புட்டி, இவைதான் பாடம். பகலில் எல்லோருக்கும் வேலை இருந்ததால் மாலையில் நடத்தினேன். கூட வேலை பார்த்த பழைய தோழிகள், “இதெல்லாம் ஒரு சிலபஸா?” என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன்.

சமீரா வந்தாள். முதல் நாளே ஒரு சொல்லைப் பிழையாகப் படித்தாள். அதையே பக்கத்திலிருந்தவளும் பிழையாகப் படித்தாள். இருவரும் சிரித்தார்கள். எனக்குப் போன உயிர் வந்தது.

சில மாதம் கழித்து ஒரு மாலை அவள் அம்மா மாடியேறி வந்தார். படிப்பை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துபோனேன்.

“நேத்து கிளினிக்குல மருந்து பேரை இவளே படிச்சுச் சொன்னா டீச்சர்” என்றார். வாசலிலேயே தயங்கி நின்றார். “எனக்கும் இடம் இருக்குமா?”

நான் பதில் சொல்வதற்குள் சமீரா நகர்ந்து உட்கார்ந்தாள். “வாம்மா. இங்க தப்பாப் படிக்கலாம்.”

என் மாணவர்களில் டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு. அந்த மாலை பட்ட பெருமையை அவர்கள் யாரும் எனக்குத் தந்ததில்லை. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு ஒன்றுதான் சொல்கிறேன்: எழுத்து எவ்வளவு தெரியும் என்று பிறகு பார்க்கலாம், முதலில் வந்தவரின் மானத்துக்கு இடம் கொடுங்கள்.