ஓடைக்கரையில் இறைந்த சோளம்

செல்வமணி சங்கரன்கோவிலில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை திறக்க மாட்டார். அன்றைக்கு விடிந்ததும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜாய்ஸ் டீச்சரோடு சுற்றுவட்டாரக் குளங்களில் பறவை எண்ணப் போய்விடுவார். எண்ணி முடித்ததும் ஓடைகளில் சிக்கிக் கிடக்கிற பிளாஸ்டிக்கை இருவரும் சாக்கில் அள்ளுவார்கள். பத்து மணி சர்ச் ஆராதனைக்கு டீச்சர் ஊர் திரும்பியாக வேண்டும். ஐந்து வருஷமாக இப்படித்தான்.

அது ஐப்பசி மாதம். இளையரசனேந்தல் பக்கம் மானாவாரிக் காடுகளில் விதைப்பு முடிந்திருந்தது. ஓடைக்கரையில் வண்டிகளை நிறுத்தியபோது, கருவேல மரத்தடியில் ஒரு பெண்மயில் கழுத்தைத் தூக்குவதும் மண்ணில் போடுவதுமாகக் கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அலகிலிருந்து எச்சில் வடிந்தது. அதற்கு அப்பால் நான்கு மயில்கள் செத்துக் கிடந்தன.

கரை நெடுக மக்காச்சோள மணிகள். செல்வமணி குனியும்போதே வாடை தெரிந்துவிட்டது. அவர் கடை மருந்து. வியாழக்கிழமை பாண்டிராஜ் வாங்கிப் போனது. கரைக்கு அந்தப் பக்கம் அவன் காடுதான். இன்னும் முளைக்காத காட்டில் ஏது பூச்சி என்று அப்போதே மனதில் பட்டது. கடையில் கூட்டம், கேட்காமல் கொடுத்துவிட்டார்.

டீச்சர் வனத்துறைக்குப் போன் செய்தார். "வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். எதையும் தொடக் கூடாதுங்காங்க."

கிழக்கே வானம் இருண்டு வந்தது. மழை இறங்கினால் இத்தனை விஷமும் ஓடைக்குப் போகும். ஓடைத் தண்ணீர் குளத்துக்குப் போகும்.

"மழை அதுவரைக்கும் பொறுக்காது டீச்சர். வீடியோ எடுத்துட்டு அள்ளிருவோம். நீங்க மயில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அட்ரோபின் ஊசி போட்டாப் பொழைக்கும்." மாற்று மருந்தின் பெயர் அவர் விற்கிற பாட்டில்களிலேயே அச்சடித்திருக்கும். சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இது என் கடையில வாங்கின மருந்து."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது தெரிஞ்சா ஒங்க கடைக்குப் பிரச்சினை வரும்."

"வரட்டும். நானே சொல்லுதேன்."

கரை முழுவதையும் படம் பிடித்தார்கள். மயிலைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு டீச்சர் கால்நடை மருத்துவமனைக்குப் பறந்தார். செல்வமணி குப்பை அள்ளுகிற ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு மண்ணோடு மணிகளை வழித்துச் சாக்கில் போட ஆரம்பித்தார். பத்தடி தூரம்கூட முடியவில்லை. ஆட்டுக் கழுத்து மணிச் சத்தம் கேட்டது. நாற்பது ஆடுகளோடு மாரித்தாய் ஓடையில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"மாரித்தாயி, ஆட்டத் திருப்பு. இங்கன விஷம் கெடக்கு."

அவள் கம்பை நீட்டி மறிப்பதற்குள் ஒரு குட்டி துள்ளி முன்னால் வந்துவிட்டது. செல்வமணி விழுந்தடித்து அதன் பின்னங்காலைப் பிடித்தார். சோளத்துக்கும் அதன் வாய்க்கும் ஒரு முழம்தான் இருந்தது.

ஆடுகளை மேட்டில் ஏற்றிவிட்டு மாரித்தாய் திரும்பியபோது, பாண்டிராஜ் மண்வெட்டியோடு வரப்பில் நின்றான். செத்த மயில்களை அவன் பார்க்கவில்லை. செல்வமணியையே பார்த்தான்.

"மூணு தடவ வெதச்சேன் அண்ணாச்சி. மூணு தடவையும் மயிலு கிண்டித் தின்னுட்டு. நான் எங்க போய் முட்ட?"

"ஏலே, அதுக்கு விஷமா வைப்ப?"

"நீங்கதான வித்தீய. என்னைய மாட்டிவிட்டா நீங்களும் மாட்டுவீய."

"மாட்டுதேன். வித்ததையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்." செல்வமணி நிமிரவில்லை. "மொதல்ல இத அள்ளு. மழை வருது."

பாண்டிராஜ் அசையவில்லை. மாரித்தாய்தான் பேசினாள். "என் ஆடு குடிக்கிற குளத்துலதான் ஒன் மாடும் குடிக்கு."

அவன் மண்வெட்டியைப் போட்டு மேல்மண்ணை இழுக்கத் தொடங்கினான். மாரித்தாய் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது சாக்கைக் கட்டும்போது மழை பிடித்தது. வெடிப்புகளுக்குள் விழுந்த மணிகளை எடுக்க முடியவில்லை.

மூன்று நாள் குளத்தில் ஆடுமாடுகளை இறக்க வேண்டாமென்று செல்வமணி வீடு வீடாகச் சொன்னார். தினமும் காலையில் போய்க் கரையில் நின்று பார்த்தார். நான்காம் நாளும் மீன் எதுவும் செத்து மிதக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது. டீச்சர் கொண்டுபோன மயில் பிழைத்துக்கொண்டது.

வனத்துறையினர் பாண்டிராஜ் மீது வழக்குப் பதிந்தார்கள். செல்வமணி தெரிந்ததையெல்லாம் எழுதிச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். கடையை ஒரு மாதம் மூட வேளாண்மைத் துறையிலிருந்து உத்தரவு வந்தது. திறந்த பிறகு பழைய கூட்டம் இல்லை. காட்டிக்கொடுத்தவன் கடை என்று சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா நாளில் சங்கரன்கோவிலிலிருந்து கோர்ட்டுக்குப் போக இருவருக்கும் ஒரே பஸ்தான். பாண்டிராஜ் முன்னால் உட்கார்ந்தால், செல்வமணி பின்வாசல் வழியாக ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றுகொள்கிறார்.