கால் பக்கம் முன்னால்

என் மாமாவுக்கு இந்த உலகத்தில் செய்துவைத்த எதுவும் பத்தாது. கட்டிலில் படுத்தால் கால் வெளியே நிற்கும். டவுன் பஸ்ஸில் ஏறினால் சாலவாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டே போவார். எங்கள் வீட்டு நிலைப்படி அவர் நெற்றியில் ஒரு தழும்பே போட்டிருந்தது. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. "துன்ற சோறெல்லாம் முட்டிக்குக் கீழயே போய்ச் சேர்து ஒனக்கு" என்று அம்மா கிண்டல் செய்வாள். மாமாவும் சிரிப்பார்.

வேலை பார்த்த இடத்தில்தான் அவரால் சிரிக்க முடியவில்லை. கடற்கரைச் சாலையில், சுற்றுலா வருகிறவர்களைக் கயாக்கில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போகிற இடம் அது. கயாக் என்பது ஒரே ஆள் உட்காருகிற ஒல்லிப் படகு. மேலே மூடியிருக்கும். நடுவில் இருக்கிற ஓட்டைக்குள் காலை நுழைத்து, படகின் மூக்குப் பக்கமாக நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டு வைத்த துடுப்பால் வலிக்க வேண்டும். அங்கிருந்த எல்லாரையும்விட மாமா நன்றாக வலிப்பார். ஆனால் அந்தப் படகுகள் எல்லாம் சாதாரண உயரத்து ஆளுக்கு அச்சில் வார்த்தவை. மாமாவின் முட்டி உள்ளே இடிக்கும், அரைமணி நேரத்தில் கால் மரத்துப்போகும். ஒருநாள் அலையில் படகு கவிழ்ந்தபோது கால் உள்ளே சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் குதித்து இழுத்துப்போட்டுத்தான் பிழைத்தார்.

அதற்கப்புறம் முதலாளி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். அளவுக்கேற்ற படகு கொண்டுவந்தால் கடல், இல்லாவிட்டால் கரையில் லைஃப் ஜாக்கெட் அலசும் வேலை. பொங்கலுக்குக் கூட்டம் வருவதற்குள் முடிவு சொல்ல வேண்டும். வீட்டிலோ அம்மா, மறுபடி ஒரகடம் கம்பெனிக்கே போய்விடு என்று பிடுங்கி எடுத்தாள். மாமா அங்கே காண்ட்ராக்டில் இரண்டு வருஷம் மெஷினுக்கு அடியில் குனிந்து நின்றவர். அந்த மாதம் வீட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நான் அப்போது எட்டாவது படித்தேன். எனக்கு மாமா என்றால் உயிர். கடலைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் முதுகு நிமிர்ந்திருக்கும், அது எனக்குத் தெரியும். அந்த முதலாளியை நினைத்து நினைத்துப் பல்லைக் கடிப்பேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

வழி காட்டியவர் உத்திரமேரூர் தையல்காரர். ரெடிமேட் எதுவும் எட்டாததால் மாமா அவரிடம்தான் பேண்ட் தைப்பார். அளவு எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இந்தக் கால் நீளத்துக்கு நான் துணி வெட்னது ஒன்ன வுட்டா இன்னும் ஒர்த்தருக்குத்தான். திருப்புலிவனம் தாண்டி வூடு. போட்டு கம்பெனில இருந்தவரு. வூட்லயே என்னமோ போட்டு செஞ்சிக்கினு இருந்தாரு, பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்லை மாமா கவனித்தாரோ என்னவோ, அளவு முடிவதற்குள் வண்டிச் சாவி கையில் இருந்தது.

அரையாண்டு லீவு என்பதால் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன். ஏரி நிறைந்து மதகுக்குப் பக்கத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த ஊர்த் தெரு தொடங்கியதும் மாமா வண்டியை நிறுத்தி இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். அங்கே யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. காலனிக்காரர்கள் ஊர்த் தெருவில் வண்டியில் உட்கார்ந்து போகக்கூடாது என்றிருந்த காலத்தில் வளர்ந்த உடம்பு, தானாக இறங்கிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. "இன்னாத்துக்கு எறங்கறே?" என்றேன். "சும்மா வா" என்றார்.

கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெரியம்மா என்றே சொல்கிறேன், அன்றைக்கு அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. மாமாவின் தலை நிலைப்படிக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்தார். அப்புறம், "குனிஞ்சி வாய்யா, இடிச்சிக்கப் போற" என்றார்.

கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்தார். தான் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். இதையெல்லாம் நாங்கள் கவனிப்போம். கவனிக்காமல் இருக்க எங்களுக்குப் பழக்கமில்லை.

வீட்டுக்காரர் முந்தின வருஷம் கொரோனாவில் போய்விட்டாராம். படகு கட்டும் கம்பெனியில் இருபது வருஷம் யார் யாருக்கோ கட்டிக்கொடுத்தவர், ஓய்வுக்குப் பிறகு தன் உடம்புக்கென்று ஒன்று செய்திருக்கிறார். ஏரியில் விட்டுப் பார்த்தாயிற்று, கடலுக்குக் கொண்டுபோக நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல். "நடந்து போயி ஆம்புலன்ஸ்ல ஏறனாரு. அவ்ளோதான். வூட்டுக்கு எட்த்தாரவே இல்ல. பையில கட்டி அங்கேர்ந்தே கொண்டும்போய்ட்டாங்க. மூஞ்சகூட காட்டல" என்றார் பெரியம்மா. அழாமல்தான் சொன்னார். நான் முற்றத்தில் மேய்ந்த கோழிக்குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பின்கட்டுக் கொட்டகையில் படகு கிடந்தது. அடேயப்பா, என்ன நீளம்! பலகையை இழைத்து, மேலே ஃபைபர் துணி ஒட்டி, தேன் நிறத்தில் வழவழவென்று இருந்தது. யாரோ ஹோட்டல்காரர் கூரையில் அழகுக்குத் தொங்கவிடக் கேட்டாராம், பெரியம்மா விரட்டிவிட்டாராம். "உக்காந்து காட்டு. சரியா இருந்தா எட்த்துக்கோ" என்றார்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டைக்குள் காலை விட்டார். கால் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. முட்டி எங்கேயாவது இடித்துவிட்டால் எல்லாம் போச்சு. மாமா இடுப்பை இறக்கி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கட்ட எட்டுதா?" என்றார் பெரியம்மா. உள்ளே பாதத்தை ஊன்றுவதற்கு ஒரு குறுக்குக் கட்டை உண்டு.

"எட்டுதுக்கா."

"முட்டி?"

"இடிக்கல." பிறந்ததிலிருந்து முதல்தடவையாக ஒரு பொருள் அவருக்குச் சரியாக இருந்தது. அவர் எழுந்திருக்கப் போனபோது பெரியம்மா, "கொஞ்ச நேரம் அப்டியே இருய்யா" என்றார். படகைச் சுற்றி வந்து, மூக்குப் பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தூசி இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமா தன் கூட்டாளியின் குட்டியானை வண்டியோடு போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். மழையில் தெரு சேறாகிக் கிடந்ததால் வண்டி ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டது. படகைத் தோளில் சுமந்துதான் வரவேண்டும். மாமா, கூட்டாளி, பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா வீட்டுக்காரரின் பங்காளிகள் இரண்டு பேர் என நாலு பேர் ஆனார்கள். பெரியம்மா ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து படகின் மேல் விரித்தார். "வெயிலு" என்று மட்டும் சொன்னார். அதன் மேல் ஒரு சாமந்தி மாலை வைத்தார். புது வண்டிக்குப் பூஜை போடுகிறார்கள் போல, எலுமிச்சம்பழத்தைக் காணோமே என்று நான் தேடினேன்.

கொட்டகை வாசலுக்குப் படகின் பின்பக்கம்தான் கிட்டே இருந்தது. அதனால் படகைப் பின்பக்கமாகவே தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பெரியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"திருப்புங்கய்யா. கால் பக்கம் முன்னால போவணும்."

பங்காளிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா பெரியம்மாவையே பார்த்தார். படகை இறக்கினார். அந்தக் குறுகின முற்றத்தில், துளசி மாடத்தில் இடிக்காமல் அவ்வளவு நீளத்தைத் திருப்புவதற்குள் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. படகு என்றால் மூக்குதானே முன்னால் போகும், இதைக்கூடவா சொல்லித் தரவேண்டும் என்று எனக்கு இருந்தது. "நீ முன்னால புடிய்யா" என்று பெரியம்மா மாமாவிடம் சொன்னார். மாமா முன்பக்கம் தோள் கொடுத்தார்.

தெருவில் ஒரு கூத்து நடந்தது. எதிரே மொபெட்டில் வந்தவர் சட்டென்று காலை ஊன்றி நின்று, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். பெட்டிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். வெள்ளைத் துணியையும் மாலையையும் பார்த்துப் பிணம் என்று நினைத்துவிட்டார்கள்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்யோ, இது போட்டுங்க!" என்று கத்தினேன். மாமா தோளில் பாரத்தோடு திரும்பி என்னை ஒரு முறை முறைத்தார். அப்படி அவர் என்னை முறைத்ததே இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

பெரியம்மா பின்னாலேயே நடந்து வந்தார். தெரு முனையில் நின்றுவிட்டார். "வண்டி வரைக்கும் வாங்க பெரிம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"பொம்பளைங்க இதுக்கு மேல வர்றதில்ல கண்ணு."

இது என்ன பேச்சு? அந்தக் கரையில் பொம்பளைகள்தானே தினமும் நூறுநாள் வேலைக்கு மண் வெட்டுகிறார்கள்? நானும் பொம்பளைதானே, நான் போகவில்லையா? எனக்கு விளங்கவில்லை. படகுக்குப் பின்னால் ஓடினேன்.

வண்டியில் ஏற்றிக் கட்டி, வெளியே நீண்ட வாலில் சிவப்புத் துணியை முடிந்த பிறகுதான் துடுப்பை மறந்தது தெரிந்தது. நான் எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். வாசல் முழுக்கத் தண்ணீர் ஓடியது. நாங்கள் உட்கார்ந்த நாற்காலி தெருவில் கிடந்தது. பெரியம்மா தலையோடு குளித்து, ஈரப் புடவையோடு, நாங்கள் காபி குடித்த அதே கூடத்தில் வாளி வாளியாக ஊற்றிக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "செவுத்தோரம் கீது, எட்த்துக்கோ" என்றார்.

எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வரேன் பெரிம்மா" என்றேன்.

"சொல்லிக்காம போ கண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டம்ளரில் காபி கொடுத்ததெல்லாம் வேஷம். நாங்கள் தெருவைத் தாண்டும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை, காலனி தீட்டைக் கழுவியாகிறது! அந்தச் சின்ன வயதில் எனக்கு அதைத்தவிர வேறெதுவும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் உண்டு. நாங்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தைக் கழுவின கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

வண்டி கிளம்பியதும் மாமாவிடம் பொரிந்து தள்ளினேன். "அந்தம்மா வூட்ட கழுவி வுட்டுக்கினு இருக்காங்க மாமா! நாம ஒக்காந்த சேரத் தூக்கித் தெருவுல போட்டுட்டாங்க!"

மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தலைக்கு ஊத்திக்கினு இருந்தாங்களா?"

"ஆமா. சொட்டச் சொட்ட."

மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். கூட்டாளியையும் கையைக் காட்டி இறக்கினார். இரண்டு பேரும் கரையிலிருந்து இறங்கி, போட்டிருந்த உடுப்போடு ஏரியில் முங்கி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்ட வந்து ஏறினார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. நீ எங்களைக் கழுவினால் நாங்களும் உன்னைக் கழுவுவோம், சபாஷ் மாமா! வீடு வரைக்கும் அந்தப் பெருமையிலேயே வந்தேன்.

பொங்கலுக்கு மாமா கடலில் இருந்தார். அந்தப் படகு முதல் அலையில் மூக்கைத் தூக்கி ஏறியதை நான் கரையில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் அவர் அதில்தான் போகிறார். வருஷா வருஷம் மீன் வாங்கிக்கொண்டு அந்தப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வருவார். என்னைக் கூப்பிடுவார். மானங்கெட்டுப்போய் அங்கே எதற்கு வரவேண்டும் என்று நான் போனதே இல்லை.

இந்த வருஷம் நர்சிங் கல்லூரியில் சேர்ந்தேன். ஹாஸ்டலில் என் அறைத் தோழியின் அப்பா இறந்துபோக, அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடப் போனேன். நான் பார்த்த சாவெல்லாம் எங்கள் காலனிச் சாவுதான். எங்களுக்குப் பெட்டி, பாட்டு, ஜெபம். பொம்பளைகளும் கல்லறை வரைக்கும் போவோம். அங்கே அப்படியில்லை. உள்ளே படுக்கவைத்திருந்தவரைத் தூக்கும்போது ஒரு பெரியவர், "கால் பக்கம் முன்னால" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தெரு முனைக்கு வந்ததும் தோழியின் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தால் வாசலில் தண்ணீர் ஓடுகிறது, நாற்காலியெல்லாம் தெருவில் கிடக்கிறது, தோழி தலையோடு குளித்து நிற்கிறாள். போய்வருகிறேன் என்று வாயெடுத்த என்னை ஒரு அத்தை தடுத்து, சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே மாமாவுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா மாமா?"

"எது?"

"அந்தப் பெரிம்மா. போட்டு. எல்லாம்."

கடல் இரைச்சல் கேட்டது. மாமாவும் அம்மாவும் சின்னவர்களாக இருந்தபோது எங்கள் தாத்தா ஊர்ச் சாவுகளுக்குப் பறை அடித்தவர். அவர் பின்னால் ஓடின பிள்ளைக்கு அந்தச் சடங்கெல்லாம் அத்துப்படி. அந்த வேலையை வீட்டில் விட்டபோதே அதைப் பற்றிய பேச்சையும் விட்டுவிட்டார்கள். எனக்கு யாரும் சொன்னதில்லை.

"கால் பக்கம் முன்னாலன்னு சொன்னாங்க இல்ல, அப்பவே தெரியும்" என்றார் மாமா.

"அப்ப ஏரில முங்கினது?"

"தோள் குட்த்துட்டுக் குளிக்காம எப்டிடி வூட்டுக்கு வருவாங்க?"