அக்காள் தமக்கென்று வைத்துக்கொண்ட பணம்

எங்கள் அக்காளை ஆண்டவர் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. ஆண்டுப் பூசைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்தச் சிறு நினைவு மலரை வைக்கிறேன். நல்லதை மட்டும் எழுது என்று உறவினர் சிலர் சொன்னார்கள். நடந்ததை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்காள் மணப்பாட்டில் பிறந்தார். கொழும்புக்குத் தோணியில் போன அப்பா திரும்பி வராதபோது அக்காளுக்குப் பதினாறு வயது. அண்ணனுக்கு ஏழு, எனக்கு மூன்று. அம்மாவோ படுத்த படுக்கை. எங்களைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்த அக்காள், ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தார். வேலைக்கிடையே படித்து, பரீட்சையில் தேறி, மருத்துவச்சியானார். பெண் கேட்டு வந்தவர்கள், "தம்பி தங்கச்சியள என்ன செய்யப் போற?" என்று கேட்டார்கள். அக்காள் அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார். அண்ணன் படித்ததும், நான் கழுத்தில் தாலியோடு புகுந்த வீட்டுக்குப் போனதும் அக்காளின் சம்பளத்தில்தான்.

யுத்த காலத்தில் அக்காள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சேமிப்புப் பணம் கைக்கு வந்த வாரமே, எழுதித் தயாராக இருந்த பத்திரத்துடன் அண்ணன் வந்தார்.

"அக்கா, நீ ஒத்தக்கட்டை. உனக்கு எதுக்கு இம்புட்டுத் துட்டு? தோணியில பங்கு வாங்குனா எம் புள்ளையளுக்கு ஆவும். உனக்குச் சோறு நான் போடுதேன்."

அக்காள் பத்திரத்தைத் தொடவே இல்லை. "பதினஞ்சு வருசம் உனக்குச் சோறு போட்டேன். ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருப்பேனா, ஏலே? இது நான் உக்காந்து திங்கதுக்கு உள்ள துட்டு. கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்றோடு அண்ணன் அந்த வீட்டுப் படியை மிதிப்பதை நிறுத்தினார்.

அக்காள் பணத்தைத் தபாலாபீசில் போட்டார். மாதம் ஒரு முறை அளவாக எடுத்து வாடகை, அரிசி, மருந்து என்று பிரித்து வைப்பார். கொஞ்சம் மிஞ்சும். அதில் ஞாயிறு மாலைதோறும் குதிரை வண்டி பேசிக் கடற்கரைச் சாலையில் தனியே போய் வருவார். இதற்குத்தான் ஊர் வாய் மெல்லாத பேச்சில்லை. கிழவிக்குச் சவாரி கேட்கிறதாம்! கூசாமல் பேசியவர்களில் பாதிப் பேர் அக்காள் கையில் பிறந்தவர்கள்.

நானும் ஒரு நாள், இது வீண்செலவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"இத்தனை வருசமா அடுத்தவ வலிக்குத்தாம்ளா வண்டியில ஏறுனேன். இப்ப எனக்காக ஏறுதேன். கடக்காத்து பட்டா நல்லா உறக்கம் வருது. இதுவா வீணு?"

நான் தலைகுனிந்தேன்.

அண்ணன் தம் மூத்த மகளின் கல்யாணத்துக்கு அக்காளை அழைக்கவில்லை. அந்தக் குழந்தையைத் தாயின் வயிற்றிலிருந்து வாங்கிய கைகள் அக்காளுடையவை! அக்காள் அழைப்பில்லாமலே கோவிலுக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, பூசை முடிந்ததும் எழுந்து போனார். "துட்டைக் கட்டிக்கிட்டு அழட்டும்" என்று அண்ணன் பலர் காதில் விழச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்காள் என் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தார். "மாப்பிள்ளை நல்ல உயரம்ளா" என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

நெஞ்சுவலி வந்த மூன்றாம் நாள் அக்காள் ஆஸ்பத்திரியில் அமைதியாகக் கண்மூடினார். உடலை வீட்டில் கிடத்தியபோது அண்ணன் வந்தார். என்னைத் தனியே அழைத்து, "புஸ்தகம் எங்கன இருக்கு?" என்றார். செபம் சொல்லக் கேட்கிறார் என்று நம்பி, அக்காளின் செபப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்டது தபாலாபீஸ் புத்தகத்தை!

அதையும் கொடுத்தேன். பெட்டிக்கும் குழிக்கும் பூசைக்கும் ஆகும் செலவை அக்காள் முன்பே என்னிடம் தந்திருந்தார். புத்தகத்தில் சொற்பமே மீதி இருந்தது.

"இம்புட்டுத்தானா? மிச்சத்த வச்சு என்ன செஞ்சா?"

"வாழ்ந்தாவ" என்றேன்.

வலியென்றதும் அக்காளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த வண்டிக்கார அண்ணாச்சிக்கும், மூன்று நாளும் மாறி மாறி உடனிருந்த தாதிமாருக்கும், நான் போய்ச் சேரும்வரை அக்காளின் கையைப் பிடித்திருந்த அடுத்த வீட்டு மம்மது அண்ணன் மனைவிக்கும் என் நன்றி. இவர்களில் ஒருவரும் எங்களுக்கு உறவில்லை.

இந்த மலரின் ஒரு பிரதியை அண்ணனுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவர் கோபப்படட்டும். படித்து முடித்தபின் கொஞ்சம் வெட்கப்பட்டால், அதற்கும் நன்றி சொல்வேன்.